உயிரியல் பூங்காவில் ஒரு வால்ரஸ் குட்டி பிறப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

2014 ஜூன் மாதம், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருக்கும் ஹாகன்பெக் உயிரியல் பூங்காவில் டைனா என்ற பெண் வால்ரஸ் ஒரு குட்டி போட்டது. தோர் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனியில் பிறந்த முதல் வால்ரஸ் குட்டி அதுதான். இத்தனைக்கும் அது சாதாரணப் பூங்கா இல்லை. கம்பிக்கூண்டுகளை எடுத்துவிட்டு அகழி வைத்து விலங்குகளைக் காட்டலாம் என்று 1907-லேயே உலகத்துக்குச் செய்து காட்டிய இடம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வால்ரஸ் பிரசவத்துக்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 2016 மே மாதத்தில், கனடாவின் கியூபெக் மீன்காட்சியகத்தில் இரண்டு பெண் வால்ரஸ்கள் ஆளுக்கொரு குட்டி ஈன்றன. பால்சாக், லகினா என்று பெயர் சூட்டப்பட்ட அந்தக் குட்டிகள் நாடு முழுக்கச் செய்தியாகின. வட அமெரிக்கா முழுவதையும் சேர்த்தாலும், மனிதப் பராமரிப்பில் பிறந்து, பிழைத்து, வளர்ந்த வால்ரஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உங்களுக்கு ஒரு கேள்வி வரலாம். சிங்கம், குரங்கு, மான் எல்லாம் பூங்காக்களில் குட்டி போட்டுக்கொண்டேதானே இருக்கின்றன? புள்ளிமான்கள் பெருகி இடம் போதாமல் திணறும் பூங்காக்கள் நம் நாட்டிலேயே உண்டே? நியாயமான கேள்விதான். ஆணையும் பெண்ணையும் ஒரே அடைப்பில் விட்டால் மீதியை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பது மானுக்குப் பொருந்தும். வால்ரஸுக்கும், சிவிங்கிப்புலிக்கும், சுமத்ரா காண்டாமிருகத்துக்கும் அது பொருந்தவே இல்லை. ஏன் என்று பார்ப்போம். இதில் முகலாயப் பேரரசர் ஒருவர் வருகிறார், 1889-ம் வருஷத்துக் கல்கத்தா வருகிறது. கடைசியில் ராஜஸ்தானும் வருகிறது.

வால்ரஸ்: ஒரு சின்ன அறிமுகம்

வட துருவத்தை ஒட்டிய கடல்களில் வாழும் பிரம்மாண்டமான பாலூட்டி. ஆண் ஒரு டன்னைச் சாதாரணமாகத் தாண்டும், ஒன்றரை டன் வரையும் போகும். ஆண், பெண் இரண்டுக்குமே தந்தம் உண்டு. அது உண்மையில் வாழ்நாள் முழுக்க வளரும் கோரைப்பல். கடலடித் தரையில் மீசையால் துழாவி, சிப்பியைக் கண்டுபிடித்து, அதன் சதையை உறிஞ்சி எடுத்துத் தின்னும். பாக் நீரிணையில் வாழும் நம் கடற்பசுவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடற்பசு யானைக்குத் தூரத்துச் சொந்தம். வால்ரஸ் சீல், கடற்சிங்கம் வகையறா.

காட்டில், அதாவது கடலில், இப்போதைக்கு இது அழியும் விளிம்பில் இல்லை. பசிபிக் பக்கம் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் இருக்கும் என்பது அமெரிக்க வனவிலங்குத் துறையின் மதிப்பீடு. ஆனால் குட்டி ஈனவும் ஓய்வெடுக்கவும் அது நம்பியிருக்கும் கடல் பனி வேகமாகக் கரைகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘பாதிக்கப்படக்கூடிய இனம்’ என்ற இடத்தில் இருப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

காலண்டர் ஒத்துவராத ஜோடி

வால்ரஸின் கர்ப்ப காலம் மொத்தம் 15 முதல் 16 மாதம். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. குளிர்காலத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேர்கின்றன. கரு உருவாகிறது. ஆனால் உடனே கருப்பையில் ஒட்டுவதில்லை. சில மாதங்கள் சும்மா மிதந்துகொண்டிருக்கும். கோடையில்தான் ஒட்டிக்கொண்டு வளர ஆரம்பிக்கும். குட்டி பிறப்பது அடுத்த வருஷ வசந்தத்தில். பிறந்த குட்டிக்கு இரண்டு வருஷம் வரை பால் கொடுக்க வேண்டும். ஆக, எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு பெண் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டிதான் ஈன முடியும். சீல், கடற்சிங்கம் வகைகள் அத்தனையிலும் மிக மெதுவாகப் பெருகுவது இதுதான்.

இப்போது பூங்காவுக்கு வாருங்கள். ஆணுக்கும் வருஷத்தில் குறிப்பிட்ட காலத்தில்தான் ஹார்மோன் ஏறி விந்து உற்பத்தியாகும். பெண்ணுக்கும் குறிப்பிட்ட காலத்தில்தான் கருமுட்டை வரும். ஆர்க்டிக்கில் பகலின் நீளம், பனி, மந்தை, தண்ணீருக்கடியில் மணியடிப்பது போல ஆண்கள் எழுப்பும் பாட்டு என எல்லாம் சேர்ந்து இரண்டு கடிகாரங்களையும் ஒன்றாக வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவிலோ ஃபுளோரிடாவிலோ ஒரு தொட்டியில் ஒரு ஆண், இரண்டு பெண்கள் என்று வைத்தால் இதில் எதுவுமே இல்லை. ஆண் தயாராகும்போது பெண்ணின் காலம் முடிந்திருக்கும், அல்லது இன்னும் வந்திருக்காது. வெளியே இருந்து பார்க்கும் நமக்கு ‘ஜோடி நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும்.

சரி, பெண் கர்ப்பமா இல்லையா என்றாவது சுலபமாகத் தெரிந்துகொள்ள முடியுமா? அதுவும் முடியாது. கருமுட்டை வெளிவந்த பிறகு, கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெண் வால்ரஸின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஏறிக்கொண்டே போகும். இதைப் பொய்க்கர்ப்பம் என்கிறார்கள். மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை ‘ஆமாம் போல’ என்று சொல்லிக்கொண்டிருக்கும், கடைசியில் ஒன்றும் இருக்காது. அல்ட்ராசவுண்ட் பார்த்தால்தான் தெரியும். ஒரு டன் எடையுள்ள விலங்கு தானாக வந்து அசையாமல் படுத்து வயிற்றைக் காட்ட வேண்டும். அதற்குப் பயிற்சி கொடுக்கவே பராமரிப்பாளர்கள் நெடுங்காலம் செலவிடுகிறார்கள்.

2012-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இந்தக் கடிகாரச் சிக்கலுக்கு ஒரு குறுக்கு வழியைப் பதிவு செய்தது. ஒரு ஆண் பசிபிக் வால்ரஸுக்கு எச்சிஜி என்ற ஹார்மோனை ஊசி மூலம் கொடுத்து, அதன் இணைசேரும் வேட்கையைச் செயற்கையாகத் தூண்டினார்கள். அதுவரை ஒருமுறைகூட ஈனாத பெண் ஒன்று அதன் மூலம் கருவுற்றது. எச்சிஜி உங்களுக்குத் தெரிந்த ஹார்மோன்தான். மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டில் இரண்டாவது கோடு வருவதற்குக் காரணம் அதுதான். மனிதக் கர்ப்பத்தில் சுரப்பது, ஒரு ஆண் வால்ரஸின் காலண்டரை மாற்றியிருக்கிறது.

பாண்டாவின் கதையும் இதே காலண்டர் பிரச்னைதான், இன்னும் குறுகலாக. பெண் பாண்டா வருஷத்துக்கு ஒரே முறைதான் கருவுறும் நிலைக்கு வரும், அதுவும் ஒன்று முதல் மூன்று நாள். 1966-ல் லண்டன் பூங்காவின் சீ-சீயை ஆன்-ஆன் என்ற ஆணிடம் மாஸ்கோவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். 1968-ல் ஆன்-ஆனை லண்டனுக்கு வரவழைத்தார்கள். பனிப்போர் நடுவில் இரண்டு நாடுகள் நடத்திய சம்பந்தப் பேச்சு இரண்டு முறையும் தோற்றது. சீ-சீக்கு மனிதர்கள் மேல் இருந்த ஒட்டுதல் இன்னொரு பாண்டா மேல் வரவில்லை.

பிறந்த பிறகும் முடியாத பிரச்னை

வால்ரஸ் குட்டி பிறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தாய்க்குப் பால் வர வேண்டும். வந்தாலும் ஏற்க வேண்டும். வால்ரஸ் பாலில் பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்பு. புட்டிப்பால் தயாரிப்பவர்கள் அந்த அளவை எட்டப் போனால் குட்டியின் வயிறு கெடும், எட்டாவிட்டால் எடை ஏறாது. இதைவிடப் பெரியது தனிமை. கடலில் வால்ரஸ் குட்டி தாயின் உடம்போடு ஒட்டியே வளர்கிறது. அலாஸ்காவில் தாயைப் பிரிந்து கிடைக்கும் குட்டிகளை அலாஸ்கா சீலைஃப் மையம் எடுத்து வளர்க்கிறது. அங்கே ஆட்கள் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு 24 மணி நேரமும் குட்டியோடு இருக்கிறார்கள், சாய்ந்துகொள்ள ஓர் உடம்பாக. அப்படிப் பார்த்துக்கொண்டும், 2023 ஆகஸ்டில் கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தனியாகக் கண்டெடுக்கப்பட்ட ஒரு குட்டி, சில நாட்களிலேயே இறந்துபோனது.

வளர்ந்த வால்ரஸுக்குத் தந்தம் வில்லங்கம். தொட்டியின் கான்கிரீட் சுவரிலும் தரையிலும் உரசி உரசித் தந்தம் தேயும், உடையும், வேரில் சீழ் பிடிக்கும். உலோக உறை போட்டுப் பார்க்கிறார்கள், முடியாதபோது பிடுங்கி எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் வீடியோவில் பார்த்த பூங்கா வால்ரஸுக்குத் தந்தம் இல்லையே என்று யோசித்திருந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

இங்கே என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பூங்காவில் பிறந்த வால்ரஸைத் திரும்பக் கடலில் விடும் திட்டம் எதுவும் இல்லை. அதனால் ‘இனத்தைக் காப்பாற்றுகிறோம்’ என்று ஒரு பூங்கா வால்ரஸைக் காட்டிச் சொன்னால் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்பேன். ஆனால் கருத்தரிப்பு, பால், ஹார்மோன் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தச் சில தொட்டிகளிலிருந்து வந்தது என்பதும் உண்மை. பனி இல்லாத ஆர்க்டிக்கில் அந்த அறிவு எதற்காவது உதவலாம்.

அக்பரின் ஆயிரம் சிவிங்கிப்புலிகள்

அடைப்பில் இனப்பெருக்கம் தோற்பதற்கு வரலாற்றிலேயே பெரிய உதாரணம் நம் நாட்டில்தான் இருக்கிறது. வேட்டைக்காக அக்பர் ஒரே நேரத்தில் ஆயிரம் சிவிங்கிப்புலிகள் வரை வைத்திருந்தார் என்று அவர் மகன் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். அவை இணை சேர வேண்டும் என்று அக்பர் ரொம்பவே ஆசைப்பட்டாராம். தோட்டங்களில் ஜோடி ஜோடியாக அவிழ்த்துவிட்டுப் பார்த்தாராம். நடக்கவில்லை. ஜஹாங்கீர் காலத்தில் ஒரு ஆண் கழுத்துப்பட்டையிலிருந்து நழுவிப் போய் ஒரு பெண்ணோடு சேர்ந்து, மூன்று குட்டிகள் பிறந்தன. அது அதிசயம் என்பதால்தான் பேரரசர் எழுதி வைத்தார்.

அதற்கப்புறம் சிறைப்பட்ட சிவிங்கிப்புலி குட்டி போட்டதாக உறுதியான பதிவு 1956-ல், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா பூங்காவில். நடுவில் கிட்டத்தட்ட மூன்றரை நூற்றாண்டு! இடைவெளிக்குக் காரணம் இப்போது ஓரளவு புரிகிறது. பெண் சிவிங்கிப்புலி தனியாகத் திரியும். ஆண்கள் அண்ணன் தம்பிகளாகக் கூட்டணி போட்டுத் திரியும். பெண் தானாகத் தேடிப்போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்நேரமும் பக்கத்திலேயே கட்டிப்போட்ட ஆணில் அதற்கு ஆர்வம் வருவதில்லை. ஆணையும் பெண்ணையும் கண்ணில் படாமல் பிரித்து வைத்து, சரியான நாளில் மட்டும் சந்திக்க விட்டபோதுதான் தென்னாப்பிரிக்காவில் குட்டிகள் வரிசையாகப் பிறக்கத் தொடங்கின. அக்பருக்கு ஆளும் பணமும் இடமும் இருந்தன. சேர்த்து வைப்பதைவிடப் பிரித்து வைப்பதுதான் வேலை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கல்கத்தா 1889, சின்சினாட்டி 2001

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கியது சுமத்ரா காண்டாமிருகத்தின் கதை. உலகின் மிகச் சிறிய காண்டாமிருகம், உடம்பில் முடி உள்ளது. ஒரு காலத்தில் இந்தியாவின் வடகிழக்கு வரை திரிந்தது. 1889-ல் கல்கத்தாவின் அலிப்பூர் பூங்காவில் இந்த இனத்தில் ஒரு கன்று பிறந்தது. அப்போது பூங்காவை நடத்தியவர் ராம் பிரம்ம சன்யால். அடைப்பில் விலங்குகளைப் பராமரிப்பது பற்றி 1892-லேயே ஒரு கையேடு எழுதி வெளியிட்டவர். அதற்குப் பிறகு உலகத்தில் எந்தப் பூங்காவிலும் சுமத்ரா காண்டாமிருகக் கன்று ஒன்று பிறந்து பிழைக்க 112 வருஷம் ஆனது.

நடுவில் என்ன நடந்தது? காட்டில் எண்ணிக்கை சரிவதைப் பார்த்து, 1984 முதல் 1996 வரை 40 காண்டாமிருகங்களைப் பிடித்து இந்தோனேசியா, மலேசியா, பிரிட்டன், அமெரிக்கா என்று பிரித்து அனுப்பினார்கள். நோக்கம் இனப்பெருக்கம். விளைவு, ஒன்றன்பின் ஒன்றாகச் சாவு. அமெரிக்காவுக்குப் போன ஏழில் கடைசியில் மிஞ்சியது மூன்று. வைக்கோல் போன்ற காய்ந்த தீவனத்தைப் போட்டிருக்கிறார்கள். இதுவோ மழைக்காட்டில் இலையும் கிளையும் தின்று வளர்ந்தது. சின்சினாட்டியில் இருந்த இபு என்ற ஆண் சாகும் நிலைக்கே போய்விட்டது. அத்தி வகை மரத்தின் தழையைச் சான் டியேகோவிலிருந்து விமானத்தில் வரவழைத்துக் கொடுத்த பிறகுதான் எழுந்து சாப்பிட்டது.

சாப்பாடு தீர்ந்தது, அடுத்தது சண்டை. சரியான நாள் தவிர வேறு எந்த நாளில் ஆணையும் பெண்ணையும் சேர்த்தாலும் ரத்தம் வரும் அளவுக்கு மோதிக்கொள்ளும். சரியான நாள் எது? சின்சினாட்டியின் ஆய்வாளர் டெர்ரி ராத், எமி என்ற பெண்ணைத் தொடர்ந்து அல்ட்ராசவுண்டில் கவனித்தார். கருமுட்டை வெளிவரவே காணோம். காரணம் பிறகு புரிந்தது. இணை சேர்ந்தால்தான் கருமுட்டை வெளிவரும் ரகம் இது, பூனையைப் போல. முட்டை வருகிறதா என்று பார்த்துவிட்டு ஜோடி சேர்க்கலாம் எனக் காத்திருந்தால் ஆயுசுக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு எமி கருவுற்றது, கலைந்தது. மறுபடி கருவுற்றது, கலைந்தது. ஐந்து முறை. ஆறாவது முறை புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனைத் தினமும் கொடுத்தார்கள். 2001 செப்டம்பர் 13 அன்று அன்டாலஸ் என்ற ஆண் கன்று பிறந்தது. 2004-ல் சூசி, 2007-ல் ஹராபன்.

அன்டாலஸை 2007-ல் சுமத்ராவின் வாய் கம்பாஸ் தேசியப் பூங்காவுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் பிறந்தது, தாய்நாட்டுக் காட்டுக்குள் உள்ள சரணாலயத்தில் 2012-ல் தந்தையானது. 2016-ல் டெலிலா என்ற மகள். 2023 நவம்பரில் டெலிலா ஒரு கன்று ஈன்றது. கன்றின் தந்தை யார் தெரியுமா? ஹராபன். அன்டாலஸின் சொந்தத் தம்பி. நம் உறவுமுறையில் டெலிலாவுக்குச் சித்தப்பா.

இதைப் பூங்காக்காரர்களின் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். காட்டில் 50-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. சரணாலயத்தில் ஈனும் தகுதியுள்ளவை அதைவிடச் சொற்பம். வேறு ஜோடி இல்லை. பெண் காண்டாமிருகம் நீண்ட காலம் ஈனாமல் இருந்தால் கருப்பையில் கட்டிகள் வந்து நிரந்தரமாகக் கருத்தரிக்க முடியாமல் போகும். அதனால் ‘நல்ல வரன் வரட்டும்’ என்று காத்திருக்கவும் வழியில்லை. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகமான இமானுக்கு அப்படித்தான் ஆனது. 2019 நவம்பரில் இமான் இறந்தது. மலேசியாவில் அந்த இனமும் அத்தோடு முடிந்தது.

எண்ணிக்கை சொல்லாதது

டேட்டா வேலை செய்பவளாக ஒரு விஷயம் எனக்கு உறுத்தும். பூங்காக்கள் ‘இந்த வருஷம் இத்தனை குட்டிகள்’ என்று வெளியிடும் எண்ணிக்கை. பிறப்பு எண்ணிக்கை மட்டும் கொடுத்தால் பாதிக் கதைதான். அதில் ஒரு வருஷம் தாண்டியவை எத்தனை? பெற்றோர் எத்தனை ஜோடி? ஒரே ஜோடி பத்து குட்டி போட்டிருந்தால், அட்டவணையில் பத்து, மரபணுக் கணக்கில் இரண்டு பேர்தான்.

இது வெறும் கணக்குப் பிடிவாதம் இல்லை. 1979-ல் கேத்தரின் ரால்ஸும் சகாக்களும் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூங்காக்களில் வளர்ந்த 16 குளம்பு விலங்கினங்களின் பழைய பதிவேடுகளை எடுத்து, நெருங்கிய சொந்தத்துக்குள் பிறந்த குட்டிகளையும் மற்றவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள். 16-ல் 15 இனங்களில் சொந்தத்துக்குள் பிறந்த குட்டிகள் அதிகமாகச் செத்திருந்தன. அதுவரை பெரும்பாலான பூங்காக்கள் இருக்கிற ஆணையும் பெண்ணையும் சேர்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. இப்போது ஒவ்வொரு அரிய இனத்துக்கும் வம்சாவளிப் பதிவேடு வைத்து, உறவு குறைந்த ஜோடியைக் கணினியில் தேடித்தான் இணைக்கிறார்கள். எந்த மேட்ரிமோனி தளமும் இவ்வளவு கறாராகப் பொருத்தம் பார்க்காது.

பதிவேடே தப்பாக இருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. அமெரிக்கப் பூங்காக்கள் ஆசியச் சிங்கத்துக்கென்று தனி இனப்பெருக்கத் திட்டம் வைத்திருந்தன. எல்லாம் ஐந்து மூதாதைச் சிங்கங்களின் வாரிசுகள். 1980-களின் மரபணுச் சோதனையில் அந்த ஐந்தில் இரண்டில் ஆப்பிரிக்கச் சிங்க ரத்தம் இருப்பது தெரிந்தது. திட்டமே நின்றுபோனது. இங்கே பஞ்சாபின் சத்பீர் பூங்காவில் ஆசிய, ஆப்பிரிக்கச் சிங்கங்களைக் கலக்க விட்டதன் விளைவாகக் கலப்பினச் சிங்கங்கள் பெருகி, வேறு பூங்காக்களுக்கும் போயின. கடைசியில் அவற்றின் இனப்பெருக்கத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. கிர் காட்டுச் சிங்கத்தைக் காப்பாற்ற அவை எந்த விதத்திலும் பயன்படாது.

வெள்ளைப்புலி இதற்கு நேர் எதிர்த் திசை. 1951-ல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் குட்டியிலிருந்துதான் பூங்கா வெள்ளைப்புலிகளின் வம்சம் தொடங்கியது. அந்த நிறம் தொடர வேண்டும் என்பதற்காக மோகனை அதன் மகள் ராதாவோடேயே சேர்த்தார்கள், 1958-ல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அது தனி இனம் இல்லை, வங்கப்புலியின் நிற மாறுபாடு மட்டுமே. அமெரிக்காவின் உயிரியல் பூங்காக்கள் சங்கம் 2011-ல் தன் உறுப்பினர்கள் வெள்ளைப்புலிகளை இனப்பெருக்கம் செய்வதைத் தடை செய்தது. ‘அரிய வெள்ளைப்புலிக் குட்டிகள்’ என்று செய்தி வந்தால் ஷேர் செய்வதற்கு முன் இது ஞாபகம் வரட்டும்.

நல்ல உதாரணங்களும் இல்லாமல் இல்லை. கழுகுகளுக்கு ஹரியானாவின் பிஞ்சோர், சிவப்புப் பாண்டாவுக்கு டார்ஜிலிங், சிங்கவால் குரங்குக்குச் சென்னை வண்டலூர் என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அசாமில் குள்ளப் பன்றி வெறும் ஆறே விலங்குகளைப் பிடித்து 1996-ல் தொடங்கிய திட்டம். 2008 முதல் அவற்றின் வாரிசுகளைப் புல்வெளிகளில் திரும்ப விடுகிறார்கள். பன்றி சீக்கிரம் பெருகும், அது அதிர்ஷ்டம்.

இப்போது ராஜஸ்தானில்

கானமயில் அப்படிச் சீக்கிரம் பெருகாது. பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. உலகத்திலேயே சுமார் 150 தான் மிஞ்சியிருக்கும், பெரும்பாலானவை தார் பாலைவனத்தில். வருஷத்துக்குப் பொதுவாக ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் தரையில். நாயும் நரியும் அதைத் தூக்கிவிடும். நேர் முன்னால் பார்க்கும் பார்வை குறைவு என்பதால், பறக்கும்போது குறுக்கே வரும் மின்கம்பி கடைசி நொடியில்தான் தெரியும். கனமான உடம்பு, சட்டென்று திரும்பவும் முடியாது.

2019-ல் காட்டிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து ஜெய்சல்மேர் அருகே சாம் கிராமத்தில் செயற்கையாகப் பொரிக்க வைத்தார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ராஜஸ்தான் வனத்துறை, இந்திய வனவிலங்கு நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. சுமத்ரா காண்டாமிருகத்தில் நடந்த முதல் தவறு இங்கே தவிர்க்கப்பட்டது. வளர்ந்த பறவையைப் பிடித்தால் அதிர்ச்சியிலேயே செத்துப்போகலாம், அதனால் முட்டையை எடுத்தார்கள். ஹுபாரா என்ற நெருங்கிய உறவுப் பறவையை ஆயிரக்கணக்கில் வளர்த்து அனுபவம் உள்ள அபுதாபி நிபுணர்களிடம் பாடமும் கேட்டுக்கொண்டார்கள்.

ஆனால் மனிதர் கையில் வளர்ந்த குஞ்சுக்கு மனிதர்தான் சொந்தம். சீ-சீ பாண்டாவின் அதே பிரச்னை. இங்கே அதையே வசதியாக மாற்றிக்கொண்டார்கள். ராம்தேவ்ரா மையத்தில் வளர்ந்த ஒரு ஆண் பறவைக்கு, பொம்மைப் பெண்ணோடு சேரும்படி பழக்கி விந்தைச் சேகரித்தார்கள். சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சுதாசரி மையத்துக்கு அதைக் கொண்டுபோய், 2024 செப்டம்பர் 20 அன்று டோனி என்ற பெண்ணுக்குச் செலுத்தினார்கள். 24-ம் தேதி முட்டை. அக்டோபர் 16 அன்று குஞ்சு. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த முதல் கானமயில்.

இந்தக் குஞ்சுகளின் குஞ்சுகளைத்தான், மனிதர் முகம் பார்க்காமல் வளர்த்து, ஒருநாள் காட்டில் விட வேண்டும். அந்தக் காட்டில்தான், அதாவது வெயிலும் காற்றும் தாராளமாக உள்ள அதே தார் பாலைவனத்தில்தான், நாட்டின் பெரிய சூரிய மின்சக்தி, காற்றாலைத் திட்டங்களும் வருகின்றன. கானமயில் வாழும் பகுதிகளில் மின்கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. அவ்வளவு பரந்த பரப்பில் அது சாத்தியமில்லை என்று மத்திய அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி, எந்த இடத்தில் கம்பியைப் புதைப்பது, எந்த இடத்தில் விடுவது என்று முடிவு செய்யும் வேலையை ஒரு நிபுணர் குழுவிடம் கொடுத்தது. டோனியின் முட்டை பொரிந்தது அதற்கு ஏழு மாதம் கழித்து.